மேசைப் பாறையின் ஞானத்தாய்

என் மனைவி எத்தெல்வினா பாறையைக் கீழிருந்து மேலாகத்தான் சொல்வாள். அடிமாடியில் கொச்சாயூயோ. அலை ஓயாமல் அடிக்கும் விளிம்பில், தோல் வார்களைக் கட்டித் தொங்கவிட்டதுபோல நீண்டு புரளும் பழுப்புப் பாசி. அதற்கு மேல்மாடியில் கறுப்பு மட்டிகள், சந்தை நாள் பேருந்தில் ஏறியவர்கள்போல ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து. அதற்கும் மேலே கொட்டலசு, பாறையோடு ஒட்டிய கூர் ஓடுகள்; கால் வைத்தால் கிழிக்கும். உச்சியில், சாரல் மட்டும் எட்டும் இடத்தில், கடுகளவு நத்தைகள். கீழே இருப்பது மேலே போனால் காய்ந்து சாகும். மேலே இருப்பது கீழே வந்தால் அதைத் தின்ன நட்சத்திர மீன் காத்திருக்கும். அதனால் அவரவர் மாடியில் அவரவர்.

இதையே நான் லெபு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கோடு போட்டுப் பாடமாக நடத்தினேன். அவள் அந்தப் பாசியை வெட்டி விற்க இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அதே பாறையில் இறங்கினாள். வீட்டில் நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. வேலை முடிந்து வந்தவர்கள் ரொட்டியைப் பற்றியும் விறகைப் பற்றியும்தான் பேசுவார்கள்.

கயிற்றின் மறுமுனை கோடை விடுமுறை முழுக்க என் கையில் இருக்கும். கயிறு பிடிப்பவன் பாசியைப் பார்க்கக் கூடாது. வெட்டுகிறவளையும் பார்க்கக் கூடாது. கடலை மட்டும் பார்க்க வேண்டும். பெரிய அலை எழும்போது ஒரு குரல் கொடுக்க வேண்டும். அவள் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்வாள். எங்கள் கோடைகளில் பெரும்பகுதியை நான் அவளைப் பார்க்காமல், அவளுடைய எடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கழித்திருக்கிறேன்.

எங்கள் கரையில் ஒரு பாறைக்கு ஓர் ஆள். பாசி வெட்டுவோர் சங்கத்தில் குலுக்கிப் போட்டுக் கிடைப்பது ஆயுள் முழுக்க அவருடையது. செத்தால் மறுபடி குலுக்கல். பிள்ளைகளுக்கோ கட்டியவனுக்கோ போகாது. எத்தெல்வினாவுக்கு இளவயதிலேயே விழுந்தது மேசைப் பாறை. பெயருக்கேற்பத் தட்டையாகக் கடலுக்குள் நீண்டு கிடக்கும். நவம்பரில் தொடங்கிக் கோடை முடியும்வரை வெட்டலாம். குளிர்காலம் பாசி விதைவிடும் காலம் என்பதால் கத்தி வெளியே வரக் கூடாது. கோடையில் வெட்டும்போதும் ஒவ்வொரு பாறையிலும் ஆகத் தடித்த செடி ஒன்றை விட்டுவிட வேண்டும். அதற்கு ஞானத்தாய் என்று பெயர். அதன்மேல் கத்தி வைத்தவன் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் தலைதொட்டு ஞானத்தாயாக நிற்க ஊரில் ஒருத்தியும் வரமாட்டாள்.

ஒன்று. எப்போதும் ஒன்றுதான். ஏன் ஒன்று என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்துப் பாறையிலும் ஒன்று நின்றது, அதற்கடுத்ததிலும் ஒன்று நின்றது, மறுவருஷம் எல்லாப் பாறையும் நிறைந்தது. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

சட்டத்தில் எத்தெல்வினா கறார். ஓடைக்கு அப்பால் இருக்கும் சுவர்ப் பாறை ரோசமெலுடையது. செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் பாறை. ஒரு ஜூலை மாதம், எங்கள் பக்கம் அது நடுக்குளிர், வீட்டில் ஏதோ கஷ்டம், அவன் இருட்டோடு இறங்கி வெட்டிவிட்டான். இவள் பார்த்தாள். சங்கத்தின் சபையில் எழுந்து நின்று சொன்னாள். ஒரு பருவம் முழுக்க அவன் பாறையில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பருவத்தில் அவன் உள்நாட்டுக்கு, பைன் காட்டில் மரம் அறுக்கப் போனான். வலது கையின் இரண்டு விரல்கள் அங்கேயே தங்கிவிட்டன. அதன்பிறகு அவன் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது கடல் பக்கம் திரும்பிக்கொள்வான். அவளும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சட்டப்படி செய்தது சரிதான் என்றும் சொன்னதில்லை.

பிறகு அந்தப் பிப்ரவரி நிலநடுக்கம் வந்தது. விடியுமுன் குன்றின்மேல் ஏறினோம். கடல் வந்தது, அடித்தது, போனது. வெளிச்சம் வந்தபின் எல்லோரும் குன்றிலேயே உட்கார்ந்து அது பழைய இடத்துக்குத் திரும்பட்டும் என்று காத்திருந்தோம். அது திரும்பவே இல்லை. கடல் விலகவில்லை, நிலம்தான் எழுந்துவிட்டது என்று புரிய எங்களுக்குச் சில நாட்கள் ஆயின. ஏறத்தாழ ஓர் ஆளின் தோளளவு.

வீட்டை அப்படியே தூக்கி வேறு தெருவில் வைத்ததுபோல, மாடிகள் எல்லாம் வரிசை கலையாமல் இருந்தன, தண்ணீர்தான் எட்டவில்லை. முதலில் பாசி கறுத்து, வதங்கி, எலும்பில்லாத தோலாகத் தொங்கியது. பிறகு மட்டிகள் வாய் திறந்தன. பாறையில் ரோஜா நிறத்தில் படிந்திருந்த சுண்ணாம்புப் பாசி வெளுத்தது. கரை முழுக்க வெள்ளையடித்ததுபோல ஆயிற்று. நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. கடற்காகங்கள் மட்டும் தின்று தின்று பறக்க முடியாமல் நடந்தன. எத்தெல்வினா மேசைப் பாறையில் முதல் தடவையாகக் காலணி நனையாமல் நடந்தாள். முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒண்ணு இருக்கு," என்றாள்.

அவள் விட்டுவைத்த ஞானத்தாய். பாறையின் வெளிவிளிம்பில் ஆகத் தாழ்ந்த இடத்தில் நின்றதால் அதற்கு மட்டும் அலை எட்டியது. ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் கரையில் வேறெதுவும் தப்பவில்லை. அந்தப் பக்கம் ரோசமெலின் சுவர்ப் பாறையில் ஆழத்தில் இருந்தவை பிழைத்தன.

சங்கம் கூடியது. செத்த பாறைகளை என்ன செய்வது என்று நெடுநேரம் பேசினார்கள். பலர் தாங்களே கைவிட்டார்கள். நோல்ஃபா அப்படித்தான், அவள் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற கைம்பெண். கணவன் போனபிறகு கயிறு பிடித்த மகனும் கொன்செப்சியோன் நகரில் கட்டிட வேலைக்குப் போய்விட்டான். பாறையை எழுதிக் கொடுத்துவிட்டு, கரையொதுங்கும் பாசியைப் பொறுக்கிப் பிழைக்கத் தொடங்கினாள். எத்தெல்வினா கைவிடமாட்டேன் என்றாள். மூன்றாம் கோடைக்குள் பாறையில் புதுச் செடி தெரியவேண்டும், இல்லையென்றால் மேசைப் பாறையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பாறை போனால் சங்கத்தில் ஓட்டும் போகும்; சபையில் உட்காரலாம், அடுத்த குலுக்கலில் பெயர் போடலாம், அவ்வளவுதான்.

கொடுத்துவிடேன், என் ஓய்வூதியம் இருக்கிறதே என்று நான் சொன்னேன். அவள் இடுப்பு அப்போதே சரியில்லை.

"வேற பாறைக்கு எப்பவாவது சீட்டு விழும்," என்றாள். "ஆனா இன்னொரு பாறையப் படிக்க எனக்கு இனிமே கால் இல்ல."

இரண்டு குளிர்காலம் அந்த ஒற்றைச் செடிக்குக் காவல் இருந்தாள். கடல் உள்வாங்கும் வற்றத்தில் இறங்கி, விளிம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் கூம்புத் தொப்பி நத்தைகளைக் கரண்டியால் சுரண்டி எடுப்பாள். பாசிக் குஞ்சு ஒட்டினால் முதலில் மேய்வது அவைதான். எடுத்ததைக் கஞ்சியில் போட்டுத் தின்றோம். புதிதாகத் தண்ணீர்மட்டத்துக்கு வந்த கீழ்ப்பாறை வெறுமையாக, சுத்தமாக, விதைக்குத் தயாரான வயல்போலக் கிடந்தது. பச்சை இலைப்பாசி வந்தது. கொட்டலசுக் குஞ்சுகள் வந்தன. கொச்சாயூயோ மட்டும் வரவில்லை.

நோல்ஃபா கரையில் பொறுக்கிக்கொண்டே, "என்ன எத்தெல்வினா, உங்க ஞானத்தாய் வயசாகி நின்னுபோச்சு போல," என்று கேட்பாள். எத்தெல்வினா சுரண்டிக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்து ஈர உடையைக் கழற்றாமல் அடுப்பருகே உட்கார்ந்திருப்பாள். நான் கழற்றிவிடுவேன்.

மூன்றாம் குளிர்காலம் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்தில் தூக்கிப்போட இருந்த பழைய நுண்ணோக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞானத்தாயின் நுனியில் விரலகலம் அறுத்துத் தரும்படி கேட்டேன். தயங்கினாள், குளிர்காலம் அல்லவா. பிறகு தந்தாள். சவரக் கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். தோலுக்குள் சிறு குழிகள், குழிக்குள் இருண்ட உருண்டைகள். எந்தச் சீவலிலும் வேறொன்றும் இல்லை.

"எல்லாம் முட்டை," என்றேன். "இது பொண்ணு."

"ஆண் எங்க?"

"இதுல இருக்காது. இந்தப் பாசி தனித்தனி. ஒரு செடி ஆணா இருக்கும், இல்லன்னா பொண்ணா இருக்கும். வெளியில பாத்தாத் தெரியாது."

அவளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தாள். அவளுக்காக ஊற்றிவைத்த மாத்தே பானம் ஆறிப்போயிற்று.

"அப்ப ரெண்டு குளிர்காலமா இவ ஒத்தையில கடல்ல கொட்டிக்கிட்டு நின்னுருக்கா," என்றாள். கொஞ்சம் கழித்து, "நானும் பக்கத்துல நின்னுருக்கேன்," என்றாள்.

முன்பெல்லாம் பக்கத்துப் பாறை ஞானத்தாய்களில் பாதி ஞானத்தகப்பன்களாக இருந்திருக்கும். அதனால் ஒன்றே போதுமாக இருந்தது. எல்லாம் செத்து ஒன்று மிஞ்சியபோது, அந்த ஒன்றைக் காப்பதுதான் வழி என்று நினைத்தோம்.

ஆண் செடி கிடைக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, ரோசமெலின் சுவர்ப் பாறை. அதையும் குளிர்காலத்திலேயே, விதை முற்றியிருக்கும்போதே வெட்டி எடுத்துவர வேண்டும். அவள் அன்றும் மறுநாளும் நத்தை சுரண்டவே போனாள். அதற்கடுத்த நாள் மழையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

ரோசமெல் கதவைத் திறந்தான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, மூடவும் இல்லை. அவள் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவன் முழுக்கக் கேட்டான்.

"ஜூலை மாசம் வெட்டினேன்னு என்னை ஒரு வருஷம் காட்டுல உக்காரவெச்ச," என்றான். "இப்ப ஜூலை மாசம் வெட்டிக் குடுன்னு வந்து நிக்கிற."

"ஆமா."

"விரலத் திருப்பிக் கேக்கல எத்தெல்வினா. ஆனா எங்க நின்னு சொன்னியோ அங்க நின்னு கேளு."

திரும்பி வரும் வழியில் அவள் மழைக்குக்கூட ஒதுங்கவில்லை. சபை நாளன்று அவள் மற்றவர்கள்போல உட்கார்ந்துகொண்டு பேசவில்லை. அன்று எழுந்து நின்ற அதே இடத்தில், ஜன்னல் ஓரம், எழுந்து நின்றாள். குளிர்காலத்தில் வெட்டக் கூடாது என்று ரோசமெல்மீது புகார் சொன்னவள் நான், இப்போது குளிர்காலத்தில் அவன் பாறையில் வெட்ட அனுமதி கேட்பவளும் நான் என்று சொன்னாள். காரணத்தைச் சொன்னாள். அவன் விரல்களைப் பற்றி யாரும் எதிர்பார்க்காதபோது ஒரு வாக்கியம் சொன்னாள்: "அது எனக்குத் தெரியாமப் போகல." பிறகு உட்கார்ந்துவிட்டாள். கால் வலித்திருக்கும்.

நோல்ஃபாதான் ஆரம்பித்தாள். "வாத்தியாரே, மாப்பிள்ளை குடிப்பானா, சொந்தமா பாறை இருக்கான்னு எல்லாம் விசாரிச்சாச்சா?" சபை சிரித்தது. ரோசமெல் சிரிக்கவில்லை, ஆனால் கையைத் தூக்கினான். மூன்று விரல் கை. மற்றவர்களும் தூக்கினார்கள்.

வெட்டியது அவனே. நான் கூடப் போகவா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டான். முதலில் ஒவ்வொரு செடியிலும் நுனி கிள்ளிக் கொண்டுவந்தான். செடியில் ஒரு கம்பளி நூலைக் கட்டினால் அதே நிறத்து நூலை நுனித்துண்டிலும் கட்டியிருந்தான். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, நான் சீவிப் பார்க்கும்வரை எத்தெல்வினா கொடுத்த மாத்தேயைக் குடித்தான். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பெண், பெண், பெண் என்று வந்தது. பிறகு ஒன்றில் முட்டை இல்லை. ஆரஞ்சு சாயலில் பொடி மூட்டைகள்.

"சிவப்பு நூல்," என்றேன்.

"அது ஆகக் கீழ இருக்கிற தடியன்," என்றான் ரோசமெல். "கோடையில நான் விட்டுவைக்கிற ஞானத்தாய் அதுதான்."

எத்தெல்வினா சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்தது எனக்கு வேறு நினைவில்லை.

அவன் அந்தத் தடியனை இரும்புக் கம்பியால், பாறையைப் பற்றியிருக்கும் அடித்தட்டோடு நெம்பி எடுத்தான். இன்னும் ஓர் ஆணையும் சேர்த்து எடுத்தான். அடித்தட்டின் பொந்துகளில் குடியிருந்த புழுக்களும் பொடி நண்டுகளும் ஈரச் சாக்கில் கூடவே வந்தன. மேசைப் பாறையின் விளிம்பில், ஞானத்தாய்க்கு இரண்டு பக்கமும், பழைய மீன்வலையால் போர்த்திக் கல் அடைத்துக் கட்டினோம். மூவருக்கும் முதுகு வலித்தது. ஒரு வாரம் கழித்து வந்த புயலில் வலை, கல், மாப்பிள்ளைகள் எல்லாம் போயின. ஞானத்தாய் மட்டும் நின்றாள்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு நத்தை சுரண்டுவதை நிறுத்தவில்லை. நம்பிக்கையால் செய்தாள் என்று எழுத முடியாது. பழக்கத்தால் செய்தாள்; வேறென்ன செய்வது என்று தெரியாமலும் செய்தாள்.

வசந்தத்தின் ஒரு வற்றத்தில் என் கையைப் பிடித்துப் பாறைமேல் வைத்துத் தடவச் சொன்னாள். கண்ணுக்கு வெறும் கறையாகத் தெரிந்தது. விரலுக்குப் பூனை நாக்குபோல இருந்தது. நவம்பருக்குள் அவை நகத்தளவு பழுப்பு நாக்குகளாயின. விளிம்பு நெடுக. சங்கத்தார் வந்து பார்த்து, குனிந்து தடவி, மேசைப் பாறை கணக்கில் இருக்கட்டும் என்றார்கள்.

ரோசமெலும் வந்து பார்த்தான். "இது மாப்பிள்ளை வேலை இல்ல," என்றான். "அவன் ஒரு வாரம்கூடத் தங்கல. தெற்கேருந்து மிதந்து வந்த பாசி எதாவது விதைச்சிருக்கும்." அதுவும் நடக்கக்கூடியதுதான். வேரறுந்த பாசி மாதக்கணக்கில் மிதக்கும், மிதந்தபடியே விதைவிடும். எது என்று அறிய வழியில்லை என்று நானும் சொன்னேன்.

"யாருதா இருந்தா என்ன," என்றாள் எத்தெல்வினா. "ஒட்டியிருக்கில்ல."

வெட்டும் அளவுக்கு வளர இன்னும் சில வருஷம் ஆகும். அவள் அதைக் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. அதற்கடுத்த குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டியது, மீண்டாள். அதற்கும் அடுத்த குளிர்காலத்தில் மீளவில்லை. லெபு மருத்துவமனையில் முகத்தில் பிராணவாயுக் கவசம் மாட்டியிருந்ததால் பேசுவது கேட்காது. குனிந்து காதை வைத்தேன்.

"நத்தையச் சுரண்டுனியா?"

சுரண்டினேன் என்றேன். உண்மைதான். அன்று காலையில்தான் சுரண்டிவிட்டு வந்திருந்தேன்.

அடக்கம் முடிந்து சில வாரங்களில் குலுக்கல் நடந்தது. பாறை இல்லாதவர்கள் பெயரைத் தக்கைகளில் எழுதிக் கம்பளித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். எடுக்கச் சொல்லி ரோசமெலைக் கூப்பிட்டார்கள். வந்தது நோல்ஃபாவின் பெயர். அவள் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

முதல் வெட்டு இந்த நவம்பரில்தான் வந்தது. நான் போகவேண்டிய தேவை இல்லை. நடந்துவருவோம் என்று போனேன். விளிம்பு முழுக்கப் பாசி, அலை உள்ளே போகும்போது படிந்தும் வரும்போது எழுந்தும். பழைய ஞானத்தாய் எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. நோல்ஃபா ரப்பர் உடை மாட்டி, கத்தியோடு நின்றுகொண்டிருந்தாள். வெகுநேரமாக நிற்கிறாள் போல.

"வாத்தியாரே, எதை விடணும்? எது பொண்ணு, எது ஆணு?"

"இப்பப் பாத்தாத் தெரியாது. குளிர்காலத்துலதான் தெரியும்."

"அதுவரைக்கும் நான் பட்டினி கெடக்கவா?"

அவள் பாறையைப் பார்த்தாள். பிறகு கத்தி முனையால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள், மேசையின் மூலையிலிருந்து நடுவிலுள்ள வெடிப்பு வரை. "இந்தப் பக்கம் மொத்தமும் நிக்கட்டும். இத்தனைல ஒருத்தனாவது ஆம்பளையா இருக்கமாட்டானா." சொல்லிவிட்டு இடுப்பில் முடிச்சுப் போட்டாள். மறுமுனையைக் கட்டப் பாறையில் அடித்திருக்கும் இரும்பு முளையைத் தேடினாள். தனியாக இறங்குபவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள். முளை குரல் கொடுக்காது. தேடுவதை நிறுத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல், கயிற்றை என் பக்கம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். பழையபடி கால்களை அகற்றி ஊன்றி, கடலைப் பார்த்து நின்றேன். அவள் இறங்கினாள். கயிறு இறுகியது. வேறு எடை.

தூரத்தில் ஒரு பெரிய அலை எழுந்து வந்தது. குரல் கொடுத்தேன்.